காய்ச்சல் விட்டாச்சு, பிறகெதுக்கு ஆபரேஷன்?

பித்தப்பை அழற்சி குறித்து வாசகர்கள் கேட்டவையும் மருத்துவக் குழுவின் பதில்களும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, காய்ச்சல். ஸ்கேனில் பித்தப்பையில் கல், சுவர் வீக்கம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டதில் இரண்டே நாளில் காய்ச்சல் நின்றுவிட்டது. இருந்தும் ஆபரேஷன் என்கிறார்கள். ஒரு வாரம் ஊசியைத் தொடர்ந்தால் போதாதா?

பதில்: போதாது. பித்தப்பையிலிருந்து பித்தம் வெளியேறும் சிறு குழாயில் கல் போய் அடைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் இந்த நோய் தொடங்குகிறது. வெளியேற வழியில்லாமல் தேங்கிய பித்தம் உட்சுவரைப் புண்ணாக்கும், பை உப்பும். முதல் கட்டத்தில் பலருக்குக் கிருமித் தொற்றே இருப்பதில்லை, அது பின்னால் வந்து சேருகிறது. ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியை அடக்கும், கல்லை அசைக்காது. குழாய் அடைபட்டிருப்பதால் பித்தத்தோடு கலந்து வரும் மருந்தும் பைக்குள் சரியாகப் போய்ச் சேராது.

காய்ச்சல் விட்டது நல்ல செய்திதான். ஆபரேஷனைத் தள்ளிப்போட அது காரணமாகாது. உடல்நிலை இடம்கொடுத்தால், வலி தொடங்கிய 3 நாளுக்குள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி ஆபரேஷன்) மூலம் பித்தப்பையை எடுப்பது நல்லது. ஒரு வாரம் வரைகூடச் செய்யலாம். வாரக்கணக்கில் காத்திருந்தால் இடையில் மறுபடி வலி வந்து அட்மிட் ஆக வேண்டியிருக்கலாம். மயக்க மருந்தைத் தாங்க முடியாத நோயாளியாக இருந்தால், ஸ்கேன் பார்த்தபடி தோல் வழியாகப் பித்தப்பைக்குள் குழாய் செருகிச் சீழை வடிப்பார்கள்.

கேள்வி: செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என இரண்டு மருந்து எதற்கு?

பதில்: பித்தப்பையில் வழக்கமாக வளர்பவை ஈ.கோலி, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள். அவற்றுக்கு செஃப்ட்ரியாக்சோன், நாளுக்கு ஒருமுறை 1 முதல் 2 கிராம். ஆக்சிஜன் இல்லாமலே வளரும் கிருமிகளுக்கு மெட்ரோனிடசோல், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம். லேசான நோயில் இந்த இரண்டாவது மருந்து எல்லோருக்கும் கட்டாயமில்லை. நோய் முற்றியவர்களுக்கு பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவதுண்டு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறையும். முதல் ஊசிக்கு முன்பே ரத்தத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்துவிட வேண்டும்; பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். ஆனால் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு அதற்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், செஃப்ட்ரியாக்சோனே கால்சியத்தோடு சேர்ந்து பித்தப்பையில் வண்டலாகப் படியக்கூடும். ஸ்கேனில் அது கல் போலவே தெரியும். மருந்தை நிறுத்தினால் பொதுவாகத் தானாகக் கரைந்துவிடும். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் கலந்த டிரிப்புடன் இந்த மருந்தைக் கலக்கக் கூடாது என்பதற்கும் இதே படிதல்தான் காரணம்.

கேள்வி: பித்தப்பையை எடுத்த மறுநாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள். மாத்திரையும் தரவில்லை. உறவினர் ஒருவருக்கு ஏழு நாள் கொடுத்தார்களே?

பதில்: உங்கள் டாக்டர் செய்தது சரி. லேசான, நடுத்தர நோயில் ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் நிறுத்தலாம் என்பதே பித்தப்பை அழற்சி சிகிச்சைக்கான 2018 டோக்கியோ வழிகாட்டுதல். 2014-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் 5 நாள் மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கும் தொடராதவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தொற்றின் இருப்பிடமே வெளியே வந்துவிட்ட பிறகு மருந்துக்கு வேலை குறைவு. வீணாக நீட்டினால் வயிற்றுப்போக்கும், மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் மிஞ்சும்.

உறவினருக்கு நோய் கடுமையாக இருந்திருக்கலாம். உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ பை ஓட்டையானாலோ 4 முதல் 7 நாள் தேவைப்படும். ரத்தத்தில் என்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமி வளர்ந்தால் குறைந்தது 2 வாரம்.

கேள்வி: ஊசி போட்டும் வலி குறையாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லலாமா?

பதில்: முதலில் மறு ஸ்கேன். 48 மணி நேரம் கழித்தும் வலியோ காய்ச்சலோ அடங்கவில்லை என்றால் பித்தப்பை அழுகியிருக்கலாம், ஓட்டையாகியிருக்கலாம், பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த ஊசியாலும் இவற்றைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. கண் மஞ்சளாகி, குளிர் நடுக்கமும் சேர்ந்தால் கல் பொதுப் பித்தக்குழாய்க்கு (பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) இறங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் வலியை அதிகம் சொல்லமாட்டார்கள். அவர்களிடம் சோர்வும் குழப்பமான பேச்சும்கூட ஆபத்தின் அறிகுறிதான்.