பழைய ராணுவ ஜீப்பின் கிளட்ச் இணைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளைப் பற்றியவை. (‘இணைப்பு’ என்பது, பெடலின் அசைவைக் கிளட்ச்சுக்குக் கொண்டுசெல்லும் குழாய், கேபிள், பின் முதலியவற்றின் தொகுதி.) வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஆகிய இரண்டும் ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்டவை என்பதால், பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் கிளட்ச் வேலை செய்கிறது. கேபிளை முடுக்கினால் சில நாள் சரியாக இருந்து, மறுபடியும் அதே நிலை. இப்போது ‘கர்ர்’ என்ற சத்தமும் கேட்கிறது. (கோத்தகிரி வாசகர்)

இனி கேபிளைத் தொடாதீர்கள். ராணுவக் கையேடு பெடலுக்கு 3/4 அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ., வெற்று அசைவு (கிளட்ச்சை இயக்காமல் பெடல் இறங்கும் தூரம்) இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவு, இணைப்பில் தேய்மானமே இல்லாத வண்டிக்கு உரியது. உங்கள் வண்டியிலோ அந்த 19 மி.மீ. முழுவதையும் தேய்ந்த மூட்டுகளின் ஆட்டமே விழுங்கிவிடுவதால், ரிலீஸ் பேரிங்குக்கும் (பெடலை அழுத்தும்போது கிளட்ச்சை விலக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) விரல்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போய், பேரிங் ஓயாமல் சுழல்கிறது. சத்தத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் மெல்ல அழுத்த, மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பாகம் அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் இழப்பு. முதலில் பார்க்க வேண்டியது, சேஸிஸுக்கும் எஞ்சின் பக்கத்துக்கும் குறுக்கே இருக்கும் கட்டுப்பாட்டுக் குழாய். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் தனியாக அசைவதால், குழாயின் இரு முனைகளும் பந்து வடிவக் குமிழ்களில் அமர்ந்திருக்கின்றன. சேறும் தண்ணீரும் படும் இடம் அது. கிரீஸ் வற்றியதும் குமிழ் ஒருபக்கமாகத் தேய்ந்து தட்டையாகி, குழாயின் கிண்ணமும் மெலிந்துவிடும். பெடலை அழுத்தும்போது குழாய் முதலில் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகே சுழல்வதைக் கண்ணாலேயே காணலாம். குமிழையும் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் குமிழைப் பழைய கிண்ணத்தில் வைத்தால் அதுவும் விரைவில் தேயும். தூசியைத் தடுக்கும் ஃபெல்ட் வளையங்களை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: யோக் பின் (இணைப்பின் மூட்டுகளைக் கோக்கும் முள்) துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. வெல்டிங் வைத்துத் துளையிடலாமா? (போடிநாயக்கனூர் வாசகர்)

உலோகம் போதிய அகலம் இருந்தால், ரீமரால் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) வட்டமாக்கி, அளவுக்கேற்ற புஷ் (உள்வளையம்) அழுத்திப் பொருத்துவதே என் தேர்வு. அடுத்த முறை புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். ட்ரில் பிட், தேய்ந்த பக்கத்தையே பின்பற்றிச் சாய்ந்துபோகும் என்பதால் அதைக் கடைசி அளவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஓரம் மெலிந்திருந்தால் மட்டும் வெல்டிங்கால் நிரப்பித் துளையிடுங்கள். பின்னைக் கட்டாயம் மாற்றுங்கள். போல்ட்டை வெட்டிப் பின்னாகப் போடுவதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். மரை, துளையை அரம் போல அராவிவிடும். ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை) முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், நெம்பு விகிதத்தால் அது பெடலில் பல மடங்காகத் தெரியும்.

கேள்வி: கிளட்ச் தட்டு புதிது; இணைப்பும் புதிது. ஆனாலும் வண்டி கிளம்பும்போது குலுங்குகிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

எஞ்சின் முன்பின்னாக நகராமல் பிடித்துக்கொள்ளும் சிறு கம்பி வடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் யாரோ கழற்றியெறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால், கிளட்ச் பிடிக்கும் நொடியில் எஞ்சின் நகர, இணைப்பின் நீளமே மாறி, கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். வடம் தொய்வின்றி இருந்தால் போதும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் ரப்பர் மவுண்ட் வேலை செய்யாது. அதுவும் சரியென்றால் தட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்.

கேள்வி: முதல் கியர் போடும்போது மட்டும் பல் கடிக்கிறது. இணைப்பைத் திருத்த வேண்டுமா? (கோத்தகிரியிலிருந்து மற்றொருவர்)

இந்த கியர்பாக்ஸில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டுமே சிங்க்ரோமெஷ் (வேகத்தைச் சமன்செய்து பற்கள் கடிக்காமல் சேர்க்கும் அமைப்பு) உண்டு. பெடலை முழுதாக அழுத்திச் சில நொடிகள் பொறுத்துப் போட்டால் கடிக்கவில்லை எனில் குறை ஏதுமில்லை. பொறுத்த பிறகும் கடித்தால், இணைப்பு முழு அசைவையும் தருகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து ஃப்ளைவீல் நடுவில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். அது இறுகினால் கிளட்ச் விலகினாலும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) கிளட்ச்சாக மாற்றினால் என்ன? (யாழ்ப்பாண வாசகர்)

வேண்டாம் என்பேன். ஃபோர்க்கும் பெடல் ஷாஃப்ட் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அந்த ஆட்டம் ஹைட்ராலிக்கிலும் தொடரும். சிலிண்டரைத் தாங்கச் சேஸிஸில் புதிய பிராக்கெட் வைத்து வெல்டிங் செய்ய நேரும். அசல் இணைப்பைச் சாலையோரத்திலேயே இரண்டு ஸ்பேனரைக் கொண்டு சரிசெய்யலாம். ஒரு குழாய், இரண்டு குமிழ், நான்கைந்து பின், ஒரு கேபிள் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றிவிட்டு, அதன் பிறகு வெற்று அசைவை அளந்து, லாக் நட்டை இறுக்குங்கள்.