கடலோரக் கடைக்கு ‘உப்பு பேட்டரி’ ஏற்றதா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரின் ஈய பேட்டரி ஓய்ந்துவிட்டது. ‘சோடியம் பேட்டரி வாங்குங்கள், உப்பில் செய்தது, உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது, பழைய இன்வெர்ட்டரே போதும்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: பேட்டரியை நம்பலாம், அவர் சொல்லும் காரணத்தை நம்பவேண்டாம். வாலிநோக்கம் உப்பளத்து உப்பை அள்ளி யாரும் அதற்குள் கொட்டவில்லை. லித்தியம் பேட்டரியில் லித்தியம் அயனி (மின்னூட்டம் கொண்ட அணு) செய்யும் வேலையை இதில் சோடியம் அயனி செய்கிறது, அவ்வளவுதான். உப்புக்காற்று அரிப்பது வெளியே இருக்கும் டெர்மினலையும் திருகுகளையும். அதற்கு ஈயமென்றும் சோடியமென்றும் பேதம் கிடையாது. அவற்றில் வாஸ்லின் தடவி, பேட்டரியைக் கடல்காற்று நேரே படாத மூலையில் வையுங்கள்.

நீங்கள் கேட்கவேண்டியது, நேர்மின்வாய் (பேட்டரிக்குள் இருக்கும் பிளஸ் பக்கம்) எதனால் ஆனது என்பதை. எதிர்மின்வாய் (மைனஸ் பக்கம்) பெரும்பாலும் ஹார்டு கார்பன் என்ற ஒருவகைக் கரிதான். லித்தியம் பேட்டரியில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் சோடியம் சரியாக நுழைவதில்லை. அதனால் ஒழுங்கற்ற அமைப்புள்ள இந்தக் கரி. நாம் அடுப்பில் போடும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இதைச் செய்யலாம்! வித்தியாசமெல்லாம் நேர்மின்வாயில். அடுக்கு ஆக்சைடு வகை எடைக்கு அதிக மின்சாரம் பிடிக்கும், வண்டிகளுக்கு ஏற்றது. நிக்கல் சேர்ந்தால் விலையும் ஏறும். பிரஷ்யன் நீல வகையில் மூலப்பொருள் மலிவு, ஆனால் தயாரிக்கும்போது படிகத்தில் தங்கும் ஈரத்தை விரட்டாவிட்டால் ஆயுள் குறையும். இரும்பு பாஸ்பேட் வகை எடைக்குக் குறைவாகவே பிடிக்கும். பலமுறை ஏற்றி இறக்கினாலும் கட்டுக்குலையாது. ஓரிடத்தில் கிடக்கப்போகும் பேட்டரிக்கு எடையைப் பற்றி என்ன கவலை? இதையே கேளுங்கள்.

பழைய இன்வெர்ட்டர் விஷயத்தில் நிதானம் தேவை. சோடியம் செல்கள் பல 4 வோல்ட்டை ஒட்டித் தொடங்கி 1.5 வரை இறங்கக்கூடியவை. நான்கு செல்லைத் தொடராக இணைத்தால் 16-இலிருந்து 6 வோல்ட் வரை. ஈய பேட்டரிக்கென்று செய்த 12 வோல்ட் இன்வெர்ட்டரோ 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுத்திருப்பீர்கள். ‘என் இன்வெர்ட்டரில் எத்தனை ஆம்பியர்-மணி கிடைக்கும்?’ என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அவர் எழுதித் தரத் தயங்கினால், வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று: பழைய ஈய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் தொகை கேளுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு. சோடியம் பேட்டரி ஓயும்போது அப்படி ஒரு தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வாரண்டி இருந்தும் பேட்டரியை மாற்றித் தர மறுக்கிறார்கள். — கீழக்கரை வாசகர்

பதில்: முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மாற்றித் தராமல் விலையில் தள்ளுபடி மட்டும் தருவதாக அதில் இருக்கலாம். இலவசமாக மாற்றித் தரும் காலத்துக்குள் என்றால், பில்லுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.