புது கம்ப்யூட்டர்ல மேக்ரோ ஓட்டினா எக்செல் மூடிக்குதா? ஃபார்மட் வேண்டாம்

கேள்வி: ஈரோட்டுல ஒரு விசைத்தறி பட்டறைக்கு கணக்கு பாக்குறேன். வாராவாரம் கூலி போட ஒரு எக்செல் மேக்ரோ (பட்டனை அமுக்கினா தானா கணக்கு போடுற சின்ன புரோகிராம்), பழைய கம்ப்யூட்டர்ல ஆஃபீஸ் 2010ல ஒழுங்கா ஓடிச்சு. புதுசு வாங்கினதும் ஏதோ எரர் பாக்ஸ் வந்துச்சு, சர்வீஸ்காரர் கோடுல ஒரு வார்த்தை சேர்த்தார், எரர் போயிடுச்சு. ஆனா இப்ப பட்டனை அமுக்கினா எக்செல்லே சொல்லாம கொள்ளாம மூடிக்குது. விண்டோஸ் ஃபார்மட் பண்ணணும், 1,500 ரூபாய்ங்கிறார். பண்ணலாமா?

பதில்: வேண்டாங்க. விண்டோஸ் மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல, நீங்க சொல்றதை வச்சு பாத்தா அவர் சேர்த்த அந்த வார்த்தைதான் ஆளு.

ஆஃபீஸ்ல 32-பிட், 64-பிட்னு ரெண்டு வகை, மெமரி அட்ரஸோட நீளம்தான் வித்தியாசம். பழைய ஆஃபீஸ் போட்டா வழக்கமா 32-பிட்தான் இறங்கும், 2019ல இருந்து மைக்ரோசாஃப்ட் நம்மள ஒரு வார்த்தை கேக்காம 64-பிட்டை இறக்கி வச்சுடுது, பழைய மேக்ரோ வச்சிருக்கிறவன் என்ன ஆவான்னு யாருக்கும் கவலை இல்ல. உங்க மேக்ரோவுல மேலாப்ல 'டிக்ளேர்'னு ஆரம்பிக்கிற வரிங்க இருக்கும், அது விண்டோஸை நேரா கூப்பிடுற வரிங்க. மொதல்ல வந்த எரர் அதைப் பத்திதான், 64-பிட்டுக்கு ஏத்த மாதிரி கோடை சரி பாத்து 'பிடிஆர்சேஃப்'னு குறிச்சு வையின்னு கேட்டிருக்கும். நம்மாளு சரி பாக்குறதை விட்டுட்டு குறிக்கிறதை மட்டும் பண்ணிட்டார். வண்டியைப் பாக்காமலே எஃப்சி சர்டிஃபிகேட்ல கையெழுத்து போட்ட கதை. உள்ள 'லாங்'னு இருக்கிறது 4 பைட், 64-பிட்ல மெமரி அட்ரஸ் 8 பைட், அதை 'லாங்பிடிஆர்'னு மாத்தாம விட்டா அட்ரஸ் பாதியோட வெட்டுப்பட்டு தப்பான இடத்துல போய் கை வைக்கும், எக்செல் அங்கயே காலி.

உறுதி பண்ணிக்கணும்னா ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, ஆல்ட் எஃப்11 அமுக்கி மேக்ரோவுக்குள்ள கர்சரை வச்சு எஃப்8 ஒண்ணொண்ணா தட்டுங்க. மஞ்சள் பட்டை வரி வரியா இறங்கும், எந்த வரியில தட்டும்போது மூடுதோ அதுதான். பாஸ்வேர்ட் கேட்டா எழுதிக் குடுத்தவர்கிட்ட கேளுங்க, காசு வாங்கிட்டு கோடைப் பூட்டி வச்சு வருஷா வருஷம் 'சர்வீஸ் சார்ஜ்' கறக்கிற ஆளுங்க நிறைய.

கோடை மாத்த ஆள் இல்லைன்னா 64-பிட் ஆஃபீஸை எடுத்துட்டு 32-பிட் போடுங்க. விண்டோஸ் 64-பிட்டா இருந்தாலும் ஓடும். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போயி இன்ஸ்டால் பண்ற இடத்துலயே 32-பிட் ஆப்ஷன் இருக்கு, அதே லைசென்ஸ்தான், தனியா பைசா கிடையாது. ஒரே ஒரு விஷயம், 32-பிட் எக்செல் எவ்ளோ ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல தொடாது. லட்சக்கணக்கான வரி, பத்து ஃபைலை ஒண்ணா இழுத்து பைவட் (சுருக்க அட்டவணை) போடுறவங்களுக்கு அது பத்தாது, அவங்க 64-லயே இருந்துகிட்டு கோடைத்தான் சரி பண்ணணும். பட்டறைக் கூலிக் கணக்கு அந்தப் பக்கமே போகாது, அதனால ரேம் ஏத்தணும்னு யாராவது வந்தாலும் அனுப்பிடுங்க.

முக்கியமா, அக்கவுண்டே இல்ல, சர்வீஸ்காரர் பென்டிரைவ்ல கொண்டு வந்து போட்டார்னா அது கிராக் (திருட்டு) ஆஃபீஸா இருக்கலாம்! அப்படின்னா ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி ஆக்டிவேட் பண்ணியிருக்கலாம், போறபோக்குல 'எனேபிள் ஆல் மேக்ரோஸ்'னும் வச்சிருக்கலாம். எக்செல் ஆப்ஷன்ஸ்ல இருக்கிற டிரஸ்ட் சென்டர்ல போய் பாத்து, அப்படி இருந்தா அதை மொதல்ல மாத்துங்க, இல்லைன்னா வெளியில இருந்து வர்ற கண்ட ஃபைல்ல இருக்கிற மேக்ரோவும் கேக்காம ஓட வாய்ப்பிருக்கு. கூலிக் கணக்கு இருக்கிற மெஷின்ல இந்த விளையாட்டு வேண்டாம்.

32-பிட் போட்டும் மூடினா அந்த ஒரு வரியை மட்டும் காப்பி பண்ணி அனுப்புங்க. ஃபைலை அனுப்பாதீங்க, தொழிலாளிங்க பேங்க் நம்பரெல்லாம் அதுல இருக்கும்.