ஆன்லைன்ல வித்தா வரியை யாரு வசூலிக்கணும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதில்ல "ஆன்லைன்ல விக்கிறவங்களும் வரி வசூலிச்சுத்தான் ஆகணும், அதுல என்ன தப்பு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விங்கதான் இந்த தடவை பூரா. திட்டி வந்ததையும் சேர்த்துதான் எடுத்திருக்கேன்.

கேள்வி: என் பொண்ணு டல்லாஸ்ல இருக்கா. ஆரம்பத்துல "ஆன்லைன்ல வாங்கினா டேக்ஸே இல்லம்மா, கடையைவிட சீப்"னு சொல்லுவா, இப்போ எல்லாத்துக்கும் டேக்ஸ் போடறான்னு புலம்பறா. நடுவுல என்ன ஆச்சு? – சேலம் வாசகி

உங்க பொண்ணு சொன்னது ரெண்டுமே சரிதாம்மா. அமெரிக்காவுல நம்ம ஜிஎஸ்டி மாதிரி நாடு முழுக்க ஒரே விற்பனை வரி கிடையாது, 45 மாநிலம், அதோட தலைநகர் வாஷிங்டன், ஒவ்வொண்ணும் தனித்தனியா போட்டுக்குது, அதுக்கு மேல ஊருக்கு ஊரு கொஞ்சம் ஏத்திக்கும். டல்லாஸ்ல மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2, ஆக மொத்தம் 8.25 சதவீதம்.

ஆனா 1992-ல அங்க சுப்ரீம் கோர்ட்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. க்வில்னு ஒரு கம்பெனி, கேட்டலாக் அடிச்சு தபால்ல அனுப்பி பேனா பேப்பர் ஆபீஸ் சாமான் வித்தவங்க, அவங்ககிட்ட நார்த் டகோட்டா மாநிலம் வரி கேட்டுது. கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, உன் மாநிலத்துல அவனுக்கு கடையோ குடோனோ ஆளோ இருந்தாத்தான் வரியை வசூலிச்சுக் கொடுன்னு கேக்க முடியும்னு. அப்போ அது பெரிய விஷயமாத் தெரியல, தபால்ல எவ்வளவுதான் வித்துடப் போறாங்க. ரெண்டே வருஷத்துல 1994-ல அமேசான் ஆரம்பிச்சுது. அதை ஆரம்பிச்ச ஜெஃப் பெசோஸ் சியாட்டில்ல போய் உக்காந்ததுக்கு ஒரு காரணம் அந்த மாநிலத்துல ஜனத்தொகை கம்மி, அங்க இருக்கறவங்ககிட்ட மட்டும் வரி வாங்கினா போதும்ங்கறதுதான்னு அவரே பேட்டியில சொல்லியிருக்காரு. ஆளு கணக்குல புலி.

சட்டப்படி பார்த்தா வரி இல்லாமலே போயிடல, கடைக்காரன் வாங்கலேன்னா வாங்கினவங்களே கணக்குப் போட்டு அரசாங்கத்துக்கு கட்டணும்னு அங்க ஒரு சட்டம் இருக்கு. யாரு கட்டுவா? கண்டக்டர் டிக்கெட் குடுக்காம தாண்டிப் போயிட்டா எத்தனை பேரு எழுந்து தேடிப்போய் வாங்குவோம்? அதே கதைதான். இதுல அடிபட்டது தெருக்கடைக்காரங்க, ஜனங்க கடைக்கு வந்து ஷூ போட்டுப் பார்ப்பாங்க, சைஸ் கேப்பாங்க, கடைப்பையன் 20 டப்பா இறக்கி ஏத்துவான், அப்புறம் வீட்டுக்குப் போய் ஆன்லைன்ல ஆர்டர் போடுவாங்க, 8 சதவீதம் லாபம்.

டெக்சாஸ் 2010-ல அமேசானுக்கு 26 கோடியே 90 லட்சம் டாலர் கட்டுன்னு நோட்டீஸ் விட்டுது, ஏன்னா டல்லாஸ் பக்கத்துலயே அவங்க குடோன் இருந்துச்சு. இழுபறிக்கு அப்புறம் சமாதானமாகி 2012 ஜூலை 1-லேர்ந்து அங்க வரி வசூலிக்க ஆரம்பிச்சாங்க, உங்க பொண்ணு பில்லுல வரி ஏறினது அனேகமா அன்னிலேர்ந்துதான். 2017 ஏப்ரல்ல விற்பனை வரி இருக்கற எல்லா மாநிலத்துலயும் வசூலிச்சாங்க, ஆனா அவங்களே விக்கிற சரக்குக்கு மட்டும், அங்க வந்து கடை போட்டிருக்கற வெளி ஆளுங்க சரக்குக்கு இல்ல.

கடைசியில கேஸை முடிச்சது ஒரு குட்டி மாநிலம், சவுத் டகோட்டா. நம்ம கோயம்புத்தூர் சிட்டியைவிட ஜனம் கம்மி, வருமான வரியும் கிடையாது, விற்பனை வரியை நம்பித்தான் பொழப்பு. 2016-ல சட்டம் போட்டாங்க: வெளியூர்க்காரனா இருந்தாலும் எங்க மாநிலத்துக்கு வருஷத்துக்கு 1 லட்சம் டாலருக்கு மேல வித்தா, இல்ல 200 தடவைக்கு மேல வித்தா, வரி வசூலிச்சுக் கொடு. வேஃபேர்ங்கற ஃபர்னிச்சர் கம்பெனியும் இன்னும் ரெண்டு கம்பெனியும் எதிர்த்து நின்னாங்க. 2018 ஜூன் 21, சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதி மாநிலத்துப் பக்கம் நாலு பேர் மறுபக்கம், 1992 தீர்ப்பு காலி. அதுக்கப்புறம் மத்த மாநிலமெல்லாம் வரிசையா இதே மாதிரி சட்டம் போட்டுச்சு, கடைசியா மிசௌரி, 2023 ஜனவரில.

கேள்வி: மதுரையில 22 வருஷமா செல்போன், மிக்ஸி கடை வச்சிருக்கேன். நம்ம ஊர்லயும் ஆன்லைன்காரன் வரி கட்டாமத்தானே இவ்வளவு சீப்பா குடுக்கறான்? அதை எழுதுங்க முதல்ல. – மதுரை வாசகர்

அண்ணே, கோவம் நியாயம், ஆனா காரணம் அது இல்ல. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தப்பவே, ஆன்லைன் தளம் வழியா சரக்கு விக்கிறவன் ஒரு ரூபாய்க்கு வித்தாலும் ரிஜிஸ்டர் பண்ணணும்னுதான் இங்க சட்டம் போட்டாங்க. 2018 அக்டோபர்லேர்ந்து அந்த தளமே விக்கிறவன் காசுல 1 சதவீதம் பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டிடணும், டிசிஎஸ்னு பேரு, 2024 ஜூலையில அதை அரை சதவீதமாக் குறைச்சாங்க. அது கூடுதல் வரி இல்ல, விக்கிறவன் கணக்குல வரவு வந்துடும், ஆனா எவன் எவ்வளவு வித்தான்னு அரசாங்கத்துக்கு அப்படியே தெரிஞ்சுடும். இன்னும் சொன்னா வரி விஷயத்துல ஆன்லைன்ல விக்கிறவனுக்குத்தான் பிடி ஜாஸ்தி, உங்க தெருவுல பில்லு போடாம விக்கிற கடை எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். அவன் சீப்பா குடுக்கறது மொத்தக் கொள்முதல்லயும், நஷ்டம் தாங்கற அளவுக்கு முதலீட்டுக்காரங்க கொட்டற பணத்துலயும். அதைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன்.

கேள்வி: வீட்டுல இட்லி பொடி, பருப்புப் பொடி அரைச்சு இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப்லயும் விக்கிறேன். மாசம் 30 ஆயிரம் வந்தா பெரிசு. பெங்களூர்லேர்ந்து நிறைய ஆர்டர் வருது. ஜிஎஸ்டி எடுக்கணும்னு ஒருத்தர் சொல்றார், வேண்டாம்னு இன்னொருத்தர். பயமா இருக்கு. – ஈரோடு வாசகி

பயப்படாதீங்கம்மா, ஆனா பெங்களூர்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் சிக்கல்.

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும், நீங்களே நேரா ஆர்டர் எடுத்து கொரியர் போட்டீங்கன்னா, வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டற வரைக்கும் ஜிஎஸ்டி நம்பர் வேண்டாம். உங்க வருமானத்துக்கு அது கண்ணுக்கெட்டாத தூரம். பெரிய தளத்துல போட்டு விக்கணும்னாலும் 2023 அக்டோபர் 1-லேர்ந்து சின்ன வியாபாரிக்கு ஒரு வழி விட்டிருக்காங்க, பான் கார்டை வச்சு ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஒரு பதிவு எண் மட்டும் வாங்கினா போதும், ரிட்டர்ன் கிடையாது, டிசிஎஸ் பிடிக்க மாட்டாங்க, ஆனா சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான் விக்கலாம்.

ஓசூர் வரைக்கும் போற பார்சலுக்கு ஒண்ணும் இல்ல, அங்கேர்ந்து சாப்பாட்டு நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற பெங்களூருக்குப் போச்சுன்னா அது மாநிலம் விட்டு மாநிலம், வரி உள்ள சரக்கை அப்படி விக்கிறவங்க 40 லட்சமெல்லாம் கிடையாது, முதல் பாக்கெட்லேர்ந்தே ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, தெரிஞ்சவங்க பாதிப்பேரு கண்டுக்கறதில்ல. நான் அப்படி இருங்கன்னு சொல்ல முடியாது. பெங்களூர் ஆர்டர் நிஜமாவே உங்க வியாபாரத்துல பாதின்னா நம்பர் எடுத்துடுங்க, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அரசாங்க ஃபீஸ் கிடையாது. எடுத்த பிறகு விக்காத மாசத்துக்கும் கணக்கு காட்டணும், நில் ரிட்டர்ன் லேட்டா போட்டாக்கூட ஒரு நாளைக்கு 20 ரூபா, மறந்தா ஏறிக்கிட்டே போகும், அதனால காலாண்டுக்கு ஒருக்கா ரிட்டர்ன் போடற முறையைக் கேட்டு எடுத்துக்குங்க, ஆடிட்டர்கிட்ட ஃபீஸை முன்னாடியே பேசிக்குங்க. சாப்பிடற பொருள்ங்கறதால உணவுப் பாதுகாப்புத் துறை பதிவும் வேணும், அது இருக்குல்ல?

கேள்வி: பொடி விக்கிற அம்மாகிட்டயும் வரி வாங்கித்தான் ஆகணும்னா எழுதினீங்க? மனசாட்சி இருக்கா? – சென்னை வாசகர்

இருக்கு. இந்த லெட்டரையெல்லாம் படிச்சப்புறம் போன தடவை எழுதினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன்.

வரியை வசூலிக்கறது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன், மதுரைக்காரர் கட்டறதை மத்தவனும் கட்டணும், அது சரி. ஆனா வரி வேற, வரிக்கணக்கு எழுதற வேலை வேற. வரியை வாங்கறவங்க தலையில ஏத்திடலாம், கணக்கு எழுதற வேலையை ஏத்த முடியாது, அது விக்கிறவ ராத்திரி தூக்கத்துலேர்ந்துதான் போகும். 2018 தீர்ப்புல எதிர்த்து எழுதின தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கவலைப்பட்டதும் இதுக்குத்தான், அமெரிக்காவுல வரி போடற அமைப்பு 10 ஆயிரத்துக்கு மேல இருக்கு, இல்லினாய்ல ஸ்னிக்கர்ஸ் மிட்டாய்க் கணக்கு, ட்விக்ஸ்ல மாவு இருக்கறதால அது சாப்பாட்டுக் கணக்கு, வரியும் வேற வேறன்னு உதாரணமெல்லாம் குடுத்திருந்தாரு. படிச்சப்போ நம்ம கோயம்புத்தூர் ஹோட்டல்காரர் 2024-ல நிதி அமைச்சர்கிட்ட கேட்டாரே, பன்னுக்கு வரி இல்ல, உள்ள க்ரீம் வச்சா 18 சதவீதம், கஸ்டமர் க்ரீமைத் தனியா குடு நானே வச்சுக்கறேன்னு சொல்றான்னு, அதுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா என்னைக் குடையற விஷயம் வேற. ராபர்ட்ஸ் அவ்வளவு கவலைப்பட்ட அமெரிக்காவுலயே சவுத் டகோட்டா வெளி மாநில சின்ன வியாபாரிக்கு 1 லட்சம் டாலர் வரைக்கும் விலக்கு குடுத்திருக்கு, நம்ம காசுல 80 லட்சத்துக்கு மேல, அதுவும் அந்த ஒரு மாநிலத்துல விக்கிறதுக்கு மட்டும் அந்தக் கணக்கு. 200 தடவைங்கற கணக்கையும் 2023-ல எடுத்துட்டாங்க. அங்க மாநிலத்துக்கு மாநிலம் வரி வேற. இங்க ஈரோட்டுலயும் பெங்களூர்லயும் பொடிக்கு ஒரே வரி, ஒரே போர்ட்டல், ஒரே நாடு ஒரே வரின்னு விளம்பரம் வேற, அப்புறம் எல்லை தாண்டினதும் அந்த 40 லட்சம் ஏன் பூஜ்ஜியமாகணும்? வரி போய்ச் சேரவேண்டிய மாநிலத்துக்குப் போகணும்னுதான் காரணம் சொல்றாங்க. மாசம் 30 ஆயிரத்துக்கு வித்தா 5 சதவீதம்னு வச்சாலும் 1,500 ரூபா, அதுல கர்நாடகாவுக்குப் போக வேண்டியதைக் கொண்டு சேர்க்க ஒரு ஆடிட்டர், ஒரு வருஷம் பூரா ரிட்டர்ன். உள்ளூர்ல குடுக்கற அதே 40 லட்சத்தை வெளி மாநிலத்துக்கும் குடுத்துட்டு, அதுக்கு மேல விக்கிறவனை நல்லா கறாரா பிடிங்க. யாரும் அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டாங்க.

கேள்வி: அமெரிக்காவுல விற்பனை வரி இல்லாத மாநிலம் இருக்காமே, பையனை அங்கேர்ந்து லேப்டாப் வாங்கி அனுப்பச் சொல்லவா? – திருச்சி வாசகர்

இருக்கு: ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர். அலாஸ்காவுலயும் மாநில வரி இல்ல, ஆனா சில ஊர்ல உள்ளூர் வரி உண்டு. பையன் அங்க குடியிருக்கணும், இல்ல கடைக்கே நேர்ல போகணும், ஏன்னா ஆன்லைன்ல வாங்கினா டெலிவரி அட்ரஸ் எந்த மாநிலமோ அந்த வரிதான். வாங்கினதை அனுப்பச் சொல்லாதீங்க சார், ஊருக்கு வரும்போது கையில கொண்டு வரச் சொல்லுங்க, 18 வயசு தாண்டினவங்க ஒரு லேப்டாப் கொண்டு வந்தா இங்க கஸ்டம்ஸ் கிடையாது. கொரியர்ல போட்டா அந்தச் சலுகை இல்ல.