பூட்டிக் கெடக்குற பாத்ரூம்ல சாக்கடை நாத்தமா? ஆசிட்ட வச்சுட்டு முதல்ல தண்ணி ஊத்துங்க

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல சொந்த வீடு. கீழ் போர்ஷன் காலியாகி 3 மாசம் ஆச்சு. கதவத் திறந்தாலே சாக்கடை நாத்தம். பினாயில், ஆசிட் ஊத்தி கழுவுனா நிக்குது, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுது. பிளம்பர் தரைய உடைக்கணும்ங்கிறாரு. உடைக்கலாமா?

உடைக்காதீங்க சார், கொஞ்சம் பொறுங்க. நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. நாத்தத்த நிறுத்துனது பினாயில் இல்ல, அது கூட நீங்க ஊத்துன தண்ணி.

தரையில தண்ணி போற ஓட்டை மூடி (ஜாலி) இருக்குல்ல, அதுக்கு கீழ தண்ணி தேங்குற கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கும், பேரு நஹானி டிராப், அதுல எப்பவும் சுமார் 50 மி.மீ. உயரத்துக்கு தண்ணி தேங்கி நிக்கணும், செப்டிக் டேங்க் கேஸுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல அந்த தண்ணிதான் கதவு. யாரும் குளிக்காம கெடந்தா, அதுவும் கத்திரி வெயில்ல, அது ஆவியாகி காஞ்சுடும், அப்புறம் கேஸ் மட்டுமா வரும், கரப்பானும் அதே வழியாத்தான் ஏறி வரும். சில வீட்ல ஜாலிக்குள்ள ஒரு சின்ன கப் இருக்கும், தண்ணி மெதுவா போகுதுன்னு அத கழட்டி தூக்கிப் போட்டுடுவாங்க, அந்த மாதிரி டிராப்ல கப் இல்லன்னா தண்ணியே நிக்காது, எவ்ளோ ஊத்துனாலும் வேஸ்ட்.

அதனால முதல்ல ஜாலிய தூக்கி டார்ச் அடிச்சு பாருங்க. பாத்ரூம், சிங்க், வாஷ்பேசின், வாஷிங் மெஷின் பாயிண்ட்னு ஒண்ணு விடாம தண்ணி ஊத்துங்க, கக்கூஸ்லயும் ஒரு பக்கெட். அடுத்த நாள் காலைல வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போய் மோந்து பாருங்க, ஏன்னா உள்ளயே நின்னா மூக்கு பழகிடும். அப்பவும் அடிச்சா எல்லா ஓட்டையையும் பாலிதீன் கவர் போட்டு டேப் ஒட்டி, ஒவ்வொண்ணா பிரிச்சு பாருங்க, எத பிரிச்சதும் நாத்தம் வருதோ அதான் ஆளு. தீக்குச்சி கொளுத்தி பாக்குற வேலை வேணாம், சாக்கடை கேஸ்ல மீத்தேன் இருக்கு. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்தவே கூடாது, குளோரின் கெளம்பிடும்.

பெரும்பாலும் மாட்டுறது எதுன்னா வாஷ்பேசின் ஹோஸ். சுவத்து பைப்புக்குள்ள சும்மா சொருகி விட்டிருப்பாங்க, சுத்தி விரல் நுழையுற அளவுக்கு கேப் இருக்கும், ஒரு ரப்பர் வாஷர்ல முடியுற வேலை. ஏசி தண்ணி பைப்ப நேரா சாக்கடை லைன்ல கொண்டு போய் சேத்திருந்தா அதையும் வெளிய எடுத்து விடுங்க.

மாடில ஃபிளஷ் பண்றப்ப கீழ டிராப்ல கொடகொடன்னு சத்தம் கேட்டா அது வேற கதை, மொட்டை மாடி வரைக்கும் போற காத்து பைப் (வென்ட் பைப்) அடைச்சிருக்கலாம், காத்து கெடைக்காம லைன் டிராப் தண்ணிய உறிஞ்சுது. மொட்டை மாடிக்கு போய் பைப் வாயில கூடு கீடு இருக்கான்னு பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் நாத்தம்னா நிலத்தடி தண்ணி ஏறி டேங்க் நெரம்பியிருக்கலாம், டேங்க்க உறிஞ்சி எடுக்குற லாரிய கூப்பிடுங்க. ஆனா ஆள உள்ள எறக்காதீங்க, உயிர் போற விஷயம், கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம எறக்குறது குத்தமும் கூட.

எல்லாம் சரின்னா, வாரம் ஒரு தடவ ஒரு மக் தண்ணி ஊத்துனா போதும். ஊருக்கு போறீங்கன்னா மெடிக்கல்ல கெடைக்கிற லிக்விட் பாரஃபின் ரெண்டு ஸ்பூன் மேல ஊத்திட்டு போங்க, தண்ணி சீக்கிரம் ஆவியாகாது. சமையல் எண்ணெய் வேணாம், அது சிக்கு வாடை அடிக்கும்.

உடைக்கிறத பத்தி கேட்டீங்கல்ல, அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. டிராப்ல தண்ணி ஊத்தி, மேல கவர் ஒட்டி, ராத்திரி முழுக்க மாடிலயும் தண்ணி பொழங்காம விடுங்க. காலைல தண்ணி மட்டம் எறங்கியிருந்தா டிராப்ல விரிசல், அப்ப உடைச்சுதான் ஆகணும், அதுவும் அந்த டிராப்ப சுத்தி நாலு டைல்ஸ் மட்டும்.