மெட்ரோ நிலைய வாசலில் புல்தரையா, மரமா?

சென்னையைப் பொறுத்தவரை என் பதில்: மரம். புல்தரை புகைப்படத்துக்கு அழகுதான். சித்திரை வெயிலில் லாரித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கோ நிழல் தராது.

எந்த மரம் என்பதும் முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் குல்மோகரும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம் ஆகியவை நம் மண்ணுக்குப் பழகியவை. ஆனால் எதை நட்டாலும் அடிமரத்தைச் சுற்றிக் கழுத்துவரை கான்கிரீட் பூசினால் வேர் எங்கே போகும்?

பெரும்பாலோர் கவனிக்காதது பாத்தியின் உயரம். வழக்கமாக நடைபாதையைவிட மேடாகக் கட்டுகிறார்கள். மழையில் சேறு வழிந்து சாலைக்கு வருகிறது. ஒரு சாண் பள்ளமாக அமைத்து, விளிம்புக்கல்லில் இடைவெளி விட்டால் நீர் தானாக உள்ளே இறங்கும். 1,000 சதுர மீட்டர் தளத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர். அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு லாரியை அழைப்பது விநோதம்.

மேம்பாலத்துக்கு அடியில் மழையே விழாது. அங்கே பாலத்து மழைநீரைத் தூண் வழியே இறக்கும் குழாயிலிருந்து பாத்திக்குத் திருப்ப வழியில்லை என்றால், செடி வைக்காமல் சைக்கிள் நிறுத்தமாக விடுவதே மேல்.