மெனிஞ்சைடிஸ் சந்தேகமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: காய்ச்சலும் தலைவலியும் யாருக்குத்தான் வரவில்லை? எப்போது மெனிஞ்சைடிஸ் என்று பயப்பட வேண்டும் டாக்டர்?

பதில்: மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறையில் வருகிற அழற்சி இது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பாக்டீரியாவால் பாதிக்கப்பட்ட பெரியவர்களில் பாதிப் பேருக்குக்கூட மூன்றும் ஒன்றாக இருப்பதில்லை. காய்ச்சலோடு இதுவரை இல்லாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, தாடையை நெஞ்சுவரை குனிக்க முடியாமல் போவது, இதில் ஒன்றிரண்டு இருந்தாலே கிளம்புங்கள். எழுப்பினாலும் சொக்கினால், உளறினால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று படுப்பது ஆபத்து.

கேள்வி: உடம்பில் சிவப்புப் புள்ளி வந்தால் அதுதானா?

பதில்: கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளிறும். அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது, மெனிங்கோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கருத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம் பாருங்கள். அப்புறம், புள்ளி இல்லாமலும் இந்த நோய் வரும்.

கேள்வி: என் குழந்தைக்கு இரண்டு மாதம். வாய் திறந்து சொல்லாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பால் குடிக்க மறுக்கும், கீச்சென்று அழும், தூக்கினால் அழுகை கூடும், துவண்டு கிடக்கும், உச்சிக்குழி புடைக்கும். காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டும் போகலாம். இந்த வயதில் கழுத்து விறைப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள் சார். கால் விழுந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட விடவில்லை.

பதில்: போடுங்கள். தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது, ஊசி போவதோ அதற்கும் கீழே, அங்கே மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில் மிதக்கும் நரம்புகள்தான் இருக்கின்றன, அவை பொதுவாக ஊசி பட்டால் நழுவிக்கொள்ளும். ஒருக்களித்துச் சுருண்டு படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, சில மில்லி எடுப்பார்கள். பிறகு சிலருக்கு ஒன்றிரண்டு நாள் தலைவலி இருக்கும். அந்த நீர் கலங்கலாக வந்து, வெள்ளணுக்கள் ஏறி, குளுக்கோஸ் இறங்கியிருந்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தை முடிவு செய்ய முடியும். மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும் சந்தேகம் இருந்தால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள், அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: ரிசல்ட் வருவதற்கு முன்பே மருந்து ஏற்றுகிறார்களே, சரியா?

பதில்: மிகச் சரி. பாக்டீரியா என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் முதலில் போகும், வேன்கோமைசின் என்ற இன்னொன்றும் சேரலாம். வயதானவர், கர்ப்பிணி என்றால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை நினைத்து ஆம்பிசிலினும் போடுவார்கள். முதல் டோஸுக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெதசோன் கொடுப்பது, நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்திருந்தால் நல்ல பலன் தரும். வைரஸ் என்றால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும். காசநோய்க் கிருமியால் வந்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம் மாத்திரை. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுத்துவிட்டு வந்தால் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது வளராமல் எங்களைச் சுற்றவிடும், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

கேள்வி: ஹாஸ்டலில் ரூம்மேட்டுக்கு மெனிங்கோகாக்கஸ். எனக்கு ஒட்டுமா?

பதில்: ஒரே அறை என்பதால் உங்களுக்குத் தடுப்பு மருந்து தேவை. சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே டோஸ், இல்லையென்றால் ரிஃபாம்பிசின் இரண்டு நாள், டாக்டர் சொல்வதைப் போடுங்கள். மற்ற கிருமிகள் பெரும்பாலானவற்றுக்கு இது வேண்டியதில்லை. ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி என்ற பாக்டீரியா), நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது.

கேள்வி: மகள் குணமாகி வந்துவிட்டாள், ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. சோர்வாக இருக்குமோ?

பதில்: சோர்வு என்று விடாதீர்கள் அம்மா, காது கேட்கும் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். இந்த நோய்க்குப் பின் உள்காது எலும்பாக இறுகிவிடக்கூடும். அப்படி ஆனால் கேட்க உதவும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியை உள்காதில் பொருத்துவது கடினம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.